வண்டி எப்போ உதறுதுன்னு முதல்ல பாரு

தங்கச்சி, ஒர்க்‌ஷாப்புக்குப் போய் "வண்டி உதறுது"ன்னு மட்டும் சொல்லிட்டு சாவியைக் குடுத்துட்டு வந்துடாத. பேலன்சிங் பண்ணுவாங்க, போகலைன்னா டயர், அப்புறம் ஆக்சில், அப்புறம் இன்ஜின் மவுண்டிங். பில் ஏறிக்கிட்டே போகும், உதறல் அப்படியே இருக்கும். எந்த வேகத்துல வருது, எந்த கியர்ல, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதா பிரேக் மிதிக்கும்போதா, ஏசி போட்டிருந்ததா, இதையெல்லாம் ரெண்டு நாள் போன்ல குறிச்சு வை. எதை மாத்தணும்கிறது அந்தக் குறிப்புலதான் இருக்கு.

முதல்ல தெரிய வேண்டியது, உதறுறது சக்கரமா இன்ஜினா. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டுல 80-ல உதறுதுன்னு வை. அதே 80-லேயே ஐந்தாவது கியர்ல ஒரு தடவை, நாலாவதுல ஒரு தடவை ஓட்டு. கியர் மாறினா இன்ஜின் சுத்துற வேகம் மாறும், சக்கரம் சுத்துறது மாறாது. உதறல் கொஞ்சமும் மாறலைன்னா சக்கரம் பக்கம் தேடு. சந்தேகம் இருந்தா சில வினாடி நியூட்ரல்ல விட்டுப் பாரு. ஆனா ஓடும்போது இன்ஜினை ஆஃப் பண்ணவே கூடாது. ஸ்டீயரிங் கல்லாயிடும், பிரேக்கும் கனத்துடும். ஆட்டோமேட்டிக்னா நியூட்ரல் வேண்டாம், ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே போதும்.

கணக்குல ஆர்வம் இருந்தா இதையும் கேளு. 165/80 ஆர்14 டயர் ஒரு சுத்துக்கு சுமார் 1.95 மீட்டர் போகும். 80 கி.மீ. வேகம்னா வினாடிக்கு 22 மீட்டர், அதாவது சக்கரம் வினாடிக்கு 11, 12 சுத்து. இன்ஜின் 2,400 ஆர்பிஎம்ல ஓடினா வினாடிக்கு 40 சுத்து. அதனாலதான் சக்கரக் கோளாறு கையில குலுக்கலா தெரியும், இன்ஜின் கோளாறு ரீங்காரமா தெரியும். அதிர்வை அளக்குற இலவச ஆப் போன்லேயே கிடைக்கும். 12 ஹெர்ட்ஸ் பக்கம் காட்டினா டயரைப் பாரு.

சக்கரம்னு முடிவானா, ஸ்டீயரிங் ஆடினா பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டும் தரையும் ஆடினா பின் சக்கரம். காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ரிம்மோட உள்பக்கத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவு. மழையில சேத்து ரோட்டுல போயிட்டு வந்தா உள்ளே மண் அப்பிக் காஞ்சிருக்கும், அதுவே பேலன்ஸைக் கெடுத்துடும். பேலன்சிங்குக்கு ஒட்டின வெயிட் விழுந்து பசை மட்டும் மிச்சம் இருக்கான்னும் பாரு.

பேலன்சிங் மெஷின் பூஜ்யம் காட்டியும் உதறுதா? மெஷின் பார்க்கிறது எடையை, வடிவத்தை இல்லை. உள்ளே பெல்ட் பிரிஞ்ச டயர் எடை சரியா இருந்தும் வட்டமா இருக்காது. 30, 40-லேயே வண்டி நொண்டுற மாதிரி இருந்தா எனக்கு முதல் சந்தேகம் இதுமேலதான். ஜாக்கி போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வெச்சு, டயர் பக்கத்துல ஒரு குச்சியை அசையாம பிடிச்சுக்கிட்டு மெதுவா சுத்து. இடைவெளி கூடிக் குறைஞ்சா டயர் போச்சு. வண்டிக்கு அடியில மட்டும் தலையை விடாத.

அதுலயும் தெரியலைன்னா முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்து. ஸ்டீயரிங்ல இருந்த ஆட்டம் சீட்டுக்குப் போயிடுச்சுன்னா டயரோ ரிம்மோதான் காரணம். இடம் மாறவே இல்லைன்னா ஹப், பேரிங், ஆக்சில் பக்கம் போகணும். கம்பெனி கொடுக்காத அலாய் போட்டிருந்தா, ரிம் நடு ஓட்டை ஹப்புக்குச் சரியா பொருந்துதான்னும் கேளு.

அலைன்மென்ட் பண்ணினா உதறல் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாத. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதுக்கும் டயர் ஓரம் தேயறதுக்கும்தான் அது மருந்து.

ஆக்சிலரேட்டரை மிதிச்சா உதறி, காலை எடுத்ததும் நின்னா, ஆக்சிலோட கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் தேஞ்சிருக்கலாம். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது டக் டக்னு கேட்டா சக்கரம் பக்க ஜாயின்ட். பிரேக் பிடிச்சா மட்டும் ஸ்டீயரிங் ஆடினா டிஸ்க். "வளைஞ்சிடுச்சு"ன்னு சொல்வாங்க, பெரும்பாலும் தடிமன்தான் சுத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அவசரமா அழுத்தும்போது பெடல் துடிக்கிறது ஏபிஎஸ், அது கோளாறு இல்லை. முதல் கியர்ல கிளம்பும்போது மட்டும் உதறினா கிளட்ச். வேகத்தோட கூடுற 'உம்ம்' சத்தம், லேசா வலது பக்கம் வளைச்சா அதிகமாகி இடது பக்கம் வளைச்சா குறைஞ்சா, இடது சக்கர பேரிங்கைப் பாக்கச் சொல்லு.

சிக்னல்ல நிக்கும்போது மட்டும் அதிர்ந்தா ஏசியை ஆஃப் பண்ணிப் பாரு. ஏசி சுமையால வர்றதுன்னா குறையும். அப்பவும் குறையாம, விட்டு விட்டு உதறி, இன்ஜின் விளக்கும் எரிஞ்சா ஸ்பார்க் பிளக், காயில். இல்லைன்னா மவுண்டிங் ரப்பர். மூணு சிலிண்டர் வண்டிக்கு நிக்கும்போது கொஞ்சம் நடுக்கம் பிறவிக்குணம், அதுக்காக மவுண்டிங் மாத்திடாத.

ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக்கைப் பக்கத்துல உக்கார வெச்சு, உதறுற வேகத்துல நீயே ஓட்டிக் காட்டு. ஒரு நேரத்துல ஒரு பார்ட்தான் மாத்தணும், மாத்தினதும் அதே ரோட்டுல ஓட்டிப் பாக்கணும், கழட்டின பார்ட்டைக் கையில வாங்கிக்கணும். பஞ்சர் போட்டுட்டு வந்த அன்னைக்கே புதுசா உதற ஆரம்பிச்சா இதெல்லாம் எதுவும் வேண்டாம். உடனே ஓரம் கட்டி வீல் நட்டை எல்லாம் ஸ்பானர் போட்டு இறுக்கு.