ஒரு குரலில் பாரதம்

மேடையில் ஒரு பெண் நிற்கிறார். ஒரு கையில் மயிற்பீலி கட்டிய தம்புரா. மறு கையில் சப்ளாக்கட்டை. தம்புராவைத் தோளில் சாய்த்தால் அது வீமனின் கதாயுதம். நீட்டிப் பிடித்தால் அருச்சுனனின் வில். இவ்வாறு ஒருவரே பல மாந்தராக மாறிப் பாண்டவர் கதையைப் பாடியும் நடித்தும் காட்டும் கலைக்குப் பாண்டவானி என்று பெயர். சத்தீஸ்கரின் இந்நாட்டார் கலையை உலகறியச் செய்தவர் தீஜன் பாய்.

இவர் 1956ஆம் ஆண்டு பிலாய் நகருக்கு அருகிலுள்ள கனியாரி என்னும் சிற்றூரில், பார்தி பழங்குடியில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் பிரிஜ்லால் பாரதம் பாடக் கேட்டுக் கேட்டே அதனை மனப்பாடம் செய்தார்.

பாண்டவானியில் இரு நெறிகள் உண்டு. வேதமதி நெறியில் கலைஞர் அமர்ந்து பாடுவார். காபாலிக நெறியில் நின்று நடித்துப் பாடுவார். பெண்கள் அமர்ந்தே பாட வேண்டும் என்பது அக்கால வழக்கம். தீஜனோ தம் 13ஆம் அகவையில் அயலூரில் நின்று பாடினார். அன்று பெற்ற ஊதியம் 10 ரூபாய். பெண் ஒருத்தி பாண்டவானி பாடுவதா எனச் சினந்த அவர்தம் சமூகத்தார் அவரை விலக்கி வைத்தனர். சிறு குடிசை கட்டித் தனியே வாழ்ந்தார். பாத்திரமும் உணவும் அண்டை வீட்டாரிடம் கடன் பெற்ற நாள்களிலும் அவர் பாட்டைக் கைவிடவில்லை.

நாடக இயக்குநர் ஹபீப் தன்வீர் அவருடைய ஆற்றலைக் கண்டறிந்தார். அதன்பின் அக்குரல் நாடெங்கும் ஒலித்தது. வெளிநாட்டு மேடைகளையும் எட்டியது. பத்மபூஷண் 2003ஆம் ஆண்டிலும், பத்மவிபூஷண் 2019ஆம் ஆண்டிலும் அவரைத் தேடி வந்தன.

பாண்டவானி ஊர்மக்களின் பள்ளியும் ஆகும். ‘ராகி’ எனப்படும் துணைப்பாடகர், நம் வில்லுப்பாட்டில் ஆமாம் போடுபவரைப் போல, இடையிடையே வினா எழுப்புவார். கலைஞர் விடை கூறும்போது அன்றாட வாழ்வின் செய்திகளையும் கதையோடு இணைப்பார். எழுத்தறியாதவரும் இதனால் பாரதத்தை அறிந்தனர். சூதின் கேட்டையும் திரௌபதியின் துயரையும் எண்ணிப் பார்த்தனர்.

தாம் கற்றதைத் தீஜன் இளையோருக்கும் கற்பித்தார். அவரிடம் பயின்ற உஷா பார்லே 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். பெண்கள் நின்று பாடுவது குற்றம் எனப்பட்ட மேடையில், இன்று பெண்கள் நின்று பாடுகின்றனர்.

சொற்பொருள்
மயிற்பீலி – மயில் தோகை
அகவை – வயது
நெறி – முறை
அயலூர் – பக்கத்து ஊர்

பயிற்சி
1. பாண்டவானியின் இரு நெறிகளை வேறுபடுத்துக.
2. சமூகத்தார் தீஜனை விலக்கி வைத்தது ஏன்?
3. ராகியின் பணி யாது?
4. பிரித்து எழுதுக: இந்நாட்டார், உலகறிய, சிற்றூர்.
5. நீங்கள் வாழும் பகுதியில் கதை சொல்லும் கலை ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.