கணுவில் பிறக்கும் கீரை

வயல்வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் எவரும் விதைக்காமலேயே படர்ந்து கிடப்பது பொன்னாங்கண்ணி. முளைக்கீரை, சிறுகீரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. உண்டவர் மேனி பொன்னாகும் என்பதே பெயர்க்காரணம் என்பர். அவ்விளக்கம் சுவையானது, ஆயினும் நாம் இங்குக் காணவிருப்பது அக்கீரையை வீட்டில் ஏன் வளர்க்க வேண்டும், எவ்வாறு வளர்க்க வேண்டும் என்பதே.

நீர்க்கரைச் செடி, தான் நிற்கும் நீரில் கரைந்துள்ள பலவற்றையும் வேர்வழியே ஏற்றுக்கொள்ளும். சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் ஓடைக்கரையிலும் பொன்னாங்கண்ணி அதே பசுமையோடுதான் செழிக்கிறது. கண்ணால் வேறுபாடு காண இயலாது. நோய்க்கிருமிகள் நன்கு வேகவைத்தால் அழியும். இலைக்குள் சேர்ந்த ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களோ கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் முற்றிலும் நீங்கா. ஐரோப்பியர் பச்சையாக உண்ணும் வாட்டர்கிரெஸ் என்னும் ஓடைக்கீரைக்கும் நீரால் வரும் இடர் உண்டு. ஆடுமாடு மேயும் நிலத்து ஓடைகளில் அதைப் பறித்து உண்டவர்க்குக் கல்லீரல் தட்டைப்புழு தொற்றுவதை மருத்துவ உலகம் நன்கறியும். ஆகவே, கீரை நிற்கும் நீரை நாமே அறிந்திருப்பது நலம்.

இதற்கு விதை தேட வேண்டியதில்லை. கீரையை ஆய்ந்தபின் நாம் எறியும் தண்டே போதும். அதனைக் கையிலெடுத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராகத் தோன்றும் இடமே கணு. ஈரமண் பட்டால் அங்கிருந்து வேர் இறங்கும். இலைக்கக்கத்திலிருந்து தளிர் எழும். நான்கு கணுக்கள் உள்ள முற்றிய தண்டுகளை நறுக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு சாய்வாக ஊன்றுங்கள். வேர் ஆழம் போகாது. ஆதலால் உயரமான தொட்டியைவிட அகன்ற தொட்டியே ஏற்றது. அடியில் துளைகள் வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து நிரப்பலாம். துளிர்க்கும்வரை நிழல், பின்னர் வெயில். மண் காயக்கூடாது. அரிசி களைந்த நீரை ஊற்றலாம். துணி துவைத்த நீர் கூடாது. எந்த நீருக்கு அஞ்சி வீட்டில் வளர்க்கிறோமோ, அதனையே தொட்டிக்குள் விடுவதில் பொருளில்லை.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் கொடி தொட்டியை மூடும். வேரோடு பிடுங்காமல், மண்ணுக்குமேல் இரண்டு கணுக்களை விட்டு அறுத்தால் பக்கக்கிளைகள் பெருகும். வெண்ணிறச் சிறுபூக்கள் தோன்றும்வரை காத்திருந்தால் தண்டு நாரோடிவிடும். அதற்குமுன் அறுப்பதே தக்கது. சமைக்கும்போது சிறிது எண்ணெய் சேருங்கள். கண்ணுக்கு நலம்தரும் வைட்டமின் ஏ-வாக உடலில் மாறும் சத்து, கொழுப்பில்தான் கரையும். அறுத்த தண்டுகளில் நான்கைந்தை மட்டும் அடுத்த தொட்டிக்கென எடுத்து வையுங்கள்.