கிளைவலையும் திரும்பும் வழியும்

பின்கோடு எனப்படும் அஞ்சல் குறியீட்டு எண் நம் நாட்டில் 1972 ஆகஸ்டு 15-ல் வழக்கிற்கு வந்தது. இராயபுரத்துக்கு 600013, திருவொற்றியூருக்கு 600019, எண்ணூருக்கு 600057. கடிதங்களைப் பிரிப்பவர் ஒவ்வொரு வீட்டையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை; எந்தத் தபால் நிலையத்துக்கு உரியது என்று அறிந்தால் போதும். கணினி வலையமைப்பும் இம்முறையிலேயே இயங்குகிறது.

திருவொற்றியூரில் ஒரு நெசவாளர் சங்கக் காரியாலயம் இருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள கணினிகளின் முகவரிகள் யாவும் 192.168.10 என்று தொடங்குகின்றன. கடைசி எண் மட்டும் மாறுகிறது. முதல் மூன்று எண்கள் ஊர், கடைசி எண் வீடு என்று கணினிக்கு அறிவிப்பது 255.255.255.0 என்னும் சப்நெட் மாஸ்க். இத்தகைய தொகுதியே சப்நெட் எனப்படும் கிளைவலை. இதிலுள்ள 256 எண்களில் முதலும் கடைசியும் நீங்க, 254 சாதனங்களுக்கு இடமுண்டு. வெளியுலகுக்கு வாசலாக நிற்கும் ரூட்டரின் முகவரி 192.168.10.1.

இப்போது பின்கட்டில் நூல் கிடங்கு ஒன்று எழும்புகிறது. இருப்புக் கணக்குக் கணினியும் காவல் காமிராக்களும் அங்கு வருகின்றன. அவற்றைத் தனிக் கிளைவலையில் வைக்க வேண்டுவன நான்கு.

முதலாவது, வேறெங்கும் வழங்காத எண்தொகுதி, 192.168.20 எனக் கொள்வோம். இரண்டாவது, இரு வலைகளையும் இணைக்கும் புதிய ரூட்டர். அதன் காரியாலயப் பக்க முகவரி 192.168.10.2, கிடங்குப் பக்க முகவரி 192.168.20.1. மூன்றாவது, கிடங்குச் சாதனங்களில் 192.168.20.1-ஐயும், புதிய ரூட்டரில் 192.168.10.1-ஐயும் வெளிவாசலாகக் குறித்தல்.

நான்காவதே பலரும் மறப்பது. கிடங்கிலிருந்து புறப்படும் கணக்கு காரியாலயக் கணினியை அடைந்துவிடும். அதன் பதிலையோ அக்கணினி வழக்கப்படி பழைய ரூட்டரிடம் ஒப்படைக்கும். 192.168.20 எங்குள்ளது என்பதை அறியாத பழைய ரூட்டர் அதை இணையத்தின் பக்கம் தள்ளிவிடும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் 1996-ஆம் ஆண்டு இணைய விதிப்படி உட்புழக்கத்துக்கு மட்டுமே உரியவை. வெளியில் அவற்றை ஏற்பார் இல்லை. பதில் வழியிலேயே மடியும். கம்பியிலும் கணினியிலும் பழுதில்லாதிருந்தும் இருப்பு ஏறாது. கூலிப் பட்டியல் தடைப்படும். காரணம் புரியாமல் புதிய சாதனங்களுக்குச் சங்கப் பணம் செலவாகும்.

இதற்கு மருந்து ஒரே வரி: 192.168.20 தொகுதிக்கு உரியவற்றை 192.168.10.2-க்கு அனுப்புமாறு பழைய ரூட்டரில் எழுதுதல்.

சோதிக்கும் முறையும் எளிதே. கிடங்குக் கணினியிலிருந்து பிங் கட்டளையால் 192.168.20.1, 192.168.10.2, 192.168.10.1 என வரிசையாக அழைத்துப் பார்க்கலாம். முதலிரண்டும் விடை தந்து மூன்றாவது மௌனம் சாதித்தால், திரும்பும் வழி எழுதப்படவில்லையோ என்று முதலில் ஐயுறுக.

2022 ஜூனில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. ஆகவே இவ்வறிவு நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் ஒருங்கே பயன்படும். முகவரிப் பட்டியலையும் வழிகளையும் சங்கப் பதிவேட்டில் எழுதி வைப்போமாக. அமைத்தவர் மாறிச் சென்றாலும் அடுத்து வரும் காரியதரிசி தடுமாற வேண்டியிராது.