அஷ்டமுடிக் காயலின் மட்டிகள்

கேரளத்தின் கொல்லம் நகரை ஒட்டி எட்டுக் கிளைகளாக விரிந்து கிடப்பது அஷ்டமுடிக் காயல். நீண்டகரை என்னுமிடத்தில் அது அரபிக் கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை அடுத்த மணற்பாங்கான அடித்தளத்தில், இரண்டு ஓடுகளுக்குள் உடலை அடக்கிக்கொண்டு புதைந்து வாழும் சிற்றுயிரே மட்டி. மலையாளத்தில் இதனைக் ‘கக்கா’ என்பர்.

மட்டி இரை தேடி அலைவதில்லை. நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசிகளை வடித்து உண்டு, எஞ்சிய நீரை வெளியே விடுகிறது. இணை தேடியும் அது செல்வதில்லை. ஆணும் பெண்ணும் தத்தம் இனச்செல்களை நீரிலேயே விடுகின்றன. அவை அங்கே ஒன்றையொன்று சந்தித்துக் கருவுறவேண்டும். தோன்றிய இளவுயிரிகள் சில காலம் நீரோட்டத்தில் மிதந்து, பின்னர் அடித்தளத்தில் அமர்கின்றன. ஆதலால் மட்டிகள் நெருங்கி வாழுமிடத்தில்தான் இனம் பெருகும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சிய மட்டிகள் உயிரோடு இருந்தும் இனப்பெருக்கத்திற்குப் பெரிதும் பயன்படுவதில்லை.

இவ்வுண்மையை அஷ்டமுடி மக்கள் இழப்பின் வழியாகவே அறிந்தனர். 1980களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா முதலிய நாடுகள் மட்டி இறைச்சியை விரும்பி வாங்கத் தொடங்கின. 1991இல் ஆண்டுப் பிடிப்பு 10,000 டன்னை எட்டியது. இரண்டே ஆண்டுகளில் அது பாதியாகக் குறைந்தது. ஒருமுறையேனும் இனம் பெருக்காத இளமட்டிகளையும் வாரி எடுத்ததன் விளைவு அது.

அதன்பின் விதிகள் வகுக்கப்பட்டன. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுத்தல் கூடாது, சிறு மட்டிகள் தப்பும்படி வலைக்கண் அகன்றிருக்க வேண்டும், எந்திரங்களைப் பயன்படுத்தலாகாது. இவற்றோடு, ஏற்றுமதியாகும் இறைச்சி ஒரு கிலோவிற்கு 1,400 துண்டுகளுக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தனர். எண்ணிக்கை மிகுந்தால் மட்டி சிறியது என்பது பொருள். காயலெங்கும் காவல் நிறுத்துவதைக் காட்டிலும் விற்பனை வாயிலில் எண்ணிப் பார்ப்பது எளிதன்றோ! விலை போகாத சிறுமட்டியை எவர்தாம் மூழ்கி எடுப்பர்?

எனினும், மூழ்கி எடுப்போர், கரையில் வேகவைத்து ஓடு நீக்குவோர், விற்போர் என ஏறத்தாழ 3,000 பேர் இத்தொழிலை நம்பியிருந்தனர். அன்றாடம் உழைத்து உண்பவர்க்கு மூன்று மாதம் கைகட்டியிருத்தல் எளிதன்று. ‘நான் விட்டுவைப்பதை அயலான் எடுத்துவிட்டால்?’ என்னும் ஐயம் பரவினாலே கட்டுப்பாடு குலைந்துவிடும். ஆயினும் கட்டுப்பாடு நிலைத்தது; மட்டிவளம் மீண்டது. 2014இல் மரைன் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் பன்னாட்டு அமைப்பின் சான்றிதழை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது இம்மட்டித் தொழிலே.

விதிகள் மனிதர் கையைத் தடுக்கும். காயலில் சேரும் கழிவையும் வண்டலையும் தடுக்கமாட்டா. பிற்காலத்தில் மட்டிவளம் மீண்டும் குன்றியது. மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலுள்ள பொரிப்பகத்தில் மட்டிக் குஞ்சுகளை உருவாக்கி, இலட்சக்கணக்கில் காயலில் விட்டது. ஆனால் குஞ்சுகள் வேரூன்றி வளரத் தூய மணற்படுகை வேண்டும். அதனைப் பொரிப்பகத்தில் உருவாக்க இயலாது.

பயிற்சி
1. மட்டிகள் நெருங்கி வாழ்வது ஏன் இன்றியமையாதது?
2. இறைச்சித் துண்டுகளை எண்ணும் விதி இளமட்டிகளை எவ்வாறு காத்தது?
3. தடைக்காலத்தில் மட்டி எடுக்கச் செல்லும் ஒருவருக்கும் அவரைத் தடுக்கும் அயலாருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக. இருவர் பக்கத்து நியாயமும் அதில் இடம்பெறட்டும்.