குதிரைப் புழு கற்பித்த பாடம்

நம் உடல் முழுவதும் ஒரே ஒரு கருமுட்டையிலிருந்து தோன்றியது. அங்ஙனமாயின், ஓர் உயிரணு தோலாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆவது எப்படி? தந்தையின் நிலத்தை மக்கள் கூறுபோட்டுக்கொள்வது போல, மரபுப் பொருளும் உயிரணுக்களிடையே பங்கிடப்படுகிறதா? அல்லது ஒவ்வொன்றுக்கும் முழுச் சொத்தும் கிடைக்கிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உயிரியல் அறிஞரை வாட்டிய வினா இது. பங்கீடே நடக்கிறது என்றார் ஜெர்மன் அறிஞர் ஆகஸ்ட் வைஸ்மான்.

இவ்வினாவுக்கு விடை காண வழி திறந்தவர் தியோடர் போவேரி (1862–1915). அவர் தேர்ந்துகொண்ட உயிர், குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழு. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள், இப்புழுவுக்கோ நான்கே, ஒரு வகைக்கு இரண்டே! எண்ணவும் பின்தொடரவும் எளிது. தாயும் தந்தையும் கருவுக்குச் சம எண்ணிக்கையில் குரோமோசோம்களை அளிக்கின்றனர் என்று 1883இல் பெல்ஜிய அறிஞர் எட்வார்ட் வான் பெனடன் காட்டியதும் இப்புழுவில்தான்.

1887இல் போவேரி ஒரு விந்தையைக் கண்டார். கருமுட்டை இரண்டாகப் பிரிகிறது. இரண்டுக்கும் ஒரே வகைக் குரோமோசோம்களே கிடைக்கின்றன. ஆனால், அடுத்த பிரிவின்போது ஓர் உயிரணுவில் குரோமோசோம்களின் தடித்த முனைகள் கழன்று அழிந்துவிடுகின்றன. நடுப்பகுதி சிறு துண்டுகளாக உடைந்து எஞ்சுகிறது. மற்றதில் அவை முழுமையாகவே உள்ளன. இது மேலும் சில பிரிவுகளில் தொடர, முடிவில் ஒரே வழியில் வந்த உயிரணு மட்டும் முழுச் சொத்தையும் காத்து நிற்கிறது. முட்டையும் விந்தும் அதன் வழித்தோன்றல்களே, இழந்தவை உடலாகின்றன.

வைஸ்மான் வென்றார் என்றே தோன்றும். ஆனால் போவேரி மேலும் ஒரு கேள்வி கேட்டார்: இழப்பை முடிவு செய்வது குரோமோசோமா, அதைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசமா?

இரு விந்துகள் புகுந்த முட்டைகளை அவர் ஆராய்ந்தார். அவை ஒரேயடியாக நான்காகப் பிரிந்தன. சிலவற்றில் ஓர் உயிரணுவும், சிலவற்றில் இரண்டும், சிலவற்றில் மூன்றும் குரோமோசோம்களை முழுமையாகக் காத்தன. வேகமாகச் சுழற்றப்பட்ட முட்டைகளுள் சிலவற்றிலோ, பிரிவின் திசை மாறி, முதல் இரண்டு உயிரணுக்களுக்கும் ஒத்த சைட்டோபிளாசம் கிடைத்தது. அவற்றில் இரண்டுமே இழப்பின்றி நின்றன! ஆகவே குரோமோசோமின் விதியை எழுதியது அது வீழ்ந்த இடமே என்று 1910இல் போவேரி நிறுவினார்.

பிற்காலத்து ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. பன்றியின் குடலில் வாழும் உறவுப் புழுவின் உடல் உயிரணுக்கள், தம் டி.என்.ஏ.வில் சுமார் 13 விழுக்காட்டையும் அதிலுள்ள 700 அளவிலான ஜீன்களையும் களைந்துவிடுகின்றன என்று 2012இல் கண்டனர். அந்த ஜீன்களுள் பல, முட்டையும் விந்தும் உருவாவதற்கே பயன்படுபவை. உடலுக்கு வேண்டாத ஏட்டை இப்புழு எரித்துவிடுகிறது. நம் உயிரணுக்களோ பெரும்பாலும் அதை எரிப்பதில்லை, மூடி வைத்துக்கொள்கின்றன. சொத்து ஒன்றே, எப்பக்கத்தைப் படிப்பது என்பதில்தான் தோலும் நரம்பும் வேறுபடுகின்றன.

மாணவ நண்பர்களே! கண்ட காட்சி ஒரு கொள்கைக்கு ஒத்துவந்ததும் பலர் அங்கேயே நின்றிருப்பர். போவேரி நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கவேண்டிய பாடம் அதுவே.