ஊக்க மருந்தும் நரம்பின் இருப்பும்

இரவிரவாக விழித்திருந்து படிக்க உதவும் குளிகைகள் உண்டென மாணவரிடையே பேசப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். அத்தகையவற்றுட் பெயர்பெற்றது அம்பெற்றமைன். அது தரும் ஊக்கம் எங்கிருந்து வருகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1887 ஆம் ஆண்டில் உருமேனியரான லாசர் எடெலியானு என்பார் பேர்லின் நகரில் இப்பதார்த்தத்தை முதன்முதல் ஆக்கினார். அதன் பயனை அன்று எவரும் அறிந்திலர். பின்னர், தொய்வு நோய்க்குரிய எபெதிரினுக்கு ஈடான மருந்தொன்றைத் தேடிய அமெரிக்க இரசாயனர் கோடன் அலெஸ், 1929 இல் இதனைத் தம் உடலிலேயே சோதித்தறிந்தார். 1930களில் பென்சிதிரின் என்னும் பெயருடன் அது விற்பனைக்கு வந்தது. 1937 அளவில் அமெரிக்க மாணவர் சிலர் பரீட்சைக் காலத்தில் அதனை உட்கொள்ளத் தலைப்பட்டனர்.

இனி, அது தொழிற்படும் முறையைக் காண்போம். நரம்புக் கலங்களுக்கிடையே நுண்ணிய இடைவெளி உண்டு. அதனைக் கடந்து செய்தியைக் கொண்டுசெல்வன டொபமீன், நோரதிரனலின் முதலிய பதார்த்தங்கள். அவை நரம்பு நுனியிலுள்ள நுண்பைகளிற் சேமிக்கப்பட்டிருக்கும். செய்தி வரும்போது அளவாக வெளிப்படும். வேலை முடிந்ததும், காவி எனப்படும் புரதம் அவற்றை மீண்டும் உள்ளே கொண்டுசேர்க்கும்.

அம்பெற்றமைன் அமைப்பில் இவற்றை ஒத்தது. ஆதலின் காவி அதனையும் உள்ளே செல்லவிடுகின்றது. புகுந்த அம்பெற்றமைனோ நுண்பைகளில் உள்ளதைக் கசியச் செய்கின்றது. உள்ளே கொணரும் காவியையே வெளியே கொண்டுபோகவும் வைக்கின்றது. இதனால், செய்தி வாராமலே சேமிப்பு வெளியே பெருகுகின்றது. உறக்கமும் பசியும் அகலுகின்றன, மனம் கிளர்ச்சியுறுகின்றது, இதயம் விரைந்து துடிக்க, இரத்த அழுத்தமும் உயர்கின்றது.

ஆகவே, இம்மருந்து புதிய வலிமை எதனையும் ஆக்குவதில்லை. உள்ள இருப்பையே இறைத்துவிடுகின்றது. விதைநெல்லைக் குற்றி உண்பவன் செயல் போன்றதே இது. மருந்தின் வேகம் தணிந்ததும் சோர்வும் மனவாட்டமும் சூழ்கின்றன. மீண்டும் மீண்டும் உட்கொள்வோருக்கு முன்னைய அளவு போதாதாகின்றது. சிலருக்குச் சித்தப் பிரமையும் உண்டாகின்றது. போருக்குப் பின் இவ்வினத்ததான மெதம்பெற்றமைன் பெருகப் பரவியமையால், யப்பான் 1951 இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

கவனக் குறைபாட்டுக்கும், பகலிலே தன்னையறியாது உறங்கிவிழும் நோய்க்கும் மருத்துவர் சிலபோது இதனை அளவறிந்து கொடுப்பர். அது நோயாளிக்கு உரியது. நோயற்ற மாணவனுக்கு உரியதன்று. மேலும், கற்றதை மனத்திற் பதியவைப்பதில் உறக்கத்துக்கும் பங்குண்டு. உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்க முனைபவன் ஈற்றில் இரண்டையும் இழப்பான். நாளாந்தம் சிறுகச் சிறுகக் கற்றுச் சேர்ப்பதே குறையாத இருப்பாகும்.