நெருப்பாய் ஓடியது, கல்லாய் விழுந்ததா?

கேள்வி: சிப்காட்டில் நைட் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பச்சை கலந்த வெள்ளையில் ஒரு நெருப்புப் பந்து ரோட்டையே பகலாக்கிவிட்டு, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. நாலைந்து வினாடிதான். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டா? மறுநாள் ரோட்டோரம் கறுப்பாக, கனமாக ஒரு கல் எடுத்தேன். அதுவா இது?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: ராக்கெட் இல்லை. உங்கள் ஊருக்கு ராக்கெட் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பாலிருந்து நிதானமாக ஏறும், நிமிடக்கணக்கில் தெரியும். பழைய ராக்கெட்டின் துண்டு திரும்பி வந்து எரிந்தாலும், 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிராவில் பார்த்தார்களே, அப்படி வரிசையாக ஊர்ந்துதான் போகும். நாலைந்து வினாடியில் முடிந்தது எரிகல். வெள்ளிக் கிரகத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் அது தீக்கோளம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் குறுங்கோள்கள் மோதிச் சிதறிய சில்லுகளே பெரிதும் கல்லாக வந்து விழுகின்றன. நுழையும் வேகம் வினாடிக்கு 11 கி.மீ.க்குக் குறையாது. உராய்வால் எரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது பாதிதான். விலக நேரமில்லாமல் முன்னால் நெரிபடும் காற்று, அடிக்க அடிக்கச் சுடும் சைக்கிள் பம்பு போலச் சூடேறி, கல்லின் மேல்தோலை உருக்குகிறது.

வானத்திலிருந்து கல் விழும் என்பதை ஐரோப்பியப் பண்டிதர்கள் லேசில் நம்பவில்லை. 1794-இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. அவர்களை மசிய வைத்ததில் நம் காசிக்குப் பங்குண்டு. 1798 டிசம்பர் 19 இரவு, காசிக்குப் பக்கத்தில் கிராகுட் கிராமத்தில் தீக்கோளம் தெரிந்து கற்கள் விழுந்தன. அவற்றையும் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் விழுந்த கற்களையும் எட்வர்ட் ஹோவர்ட் லண்டனில் சோதித்து, 1802-இல் முடிவை வெளியிட்டார். எல்லாவற்றிலும் நிக்கல் கலந்த இரும்பு! இத்தனை தூரத்தில் விழுந்தவை ஒரே சரக்கு என்றால், அந்தந்த ஊர் மண்ணில் பிறந்தவையாக எப்படி இருக்கும்?

தமிழ்நாட்டிலும் விழுந்திருக்கின்றன: 1857-இல் ராமநாதபுரம் பக்கம் பெருநாழியில், 2008 செப்டம்பர் 12-இல் சூளகிரியில். 2016-இல் நாட்றம்பள்ளிக் கல்லூரியில் ஒருவர் இறந்ததற்கு விண்கல்லே காரணம் என்று அரசு அறிவித்தது. தரையில் நடந்த வெடிப்புப் போலிருக்கிறது என்றது நாசா. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

இனி உங்கள் கல். ரயில்வே லைனுக்கு அப்பால் விழுந்ததுபோலத் தெரிந்தது, நிஜத்தில் பல பத்து கி.மீ. உயரத்தில் அணைந்திருக்கும், நூறு கி.மீ. தள்ளிக்கூட இருக்கலாம். போதாக்குறைக்கு நீங்கள் இருப்பது இரும்பு உருக்கும் பேட்டை. காந்தம் ஒட்டுகிறதே என்று குதிக்காதீர்கள், உலைக் கழிவான ஸ்லாக்கிலும் இரும்புத் துணுக்கு இருக்கும். குமிழ் வெடித்த ஓட்டைகள் இருந்தால் ஃபர்னஸில் வேலை பார்க்கும் யாரிடமாவது காட்டுங்கள். எந்த மில் சரக்கு என்றே சொல்லிவிடுவார். ஓட்டை இல்லாமல், மெல்லிய கறுப்புத் தோல் பெயர்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் உலோகப் பொட்டுகள் மின்னினால், உடைக்காமல் சென்னையிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். அவர்கள் முதலில் தேடுவது நிக்கலைத்தான்.